பதினான்காம் அத்தியாயத்தில் நான் செய்தது

ஜூன் 9

பேருந்தில் ஜன்னலோர இடம் இன்றும் எனக்குத்தான். கதை சொல்கிறவளுக்குத் தொண்டை வறளும், காற்றாவது வரட்டும் என்று புலி போட்ட சட்டம் அது. புலி என்றால் கணக்குப்புலி, என் வகுப்புத் தோழி. எண்களைப் பார்த்தால் பாய்வாள், ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தால் பூனை. ஆகவே எங்களுக்குள் ஒரு பங்கு பிரிப்பு. காலைப் பேருந்தில் அவள் எனக்குக் கணக்கு, மாலைப் பேருந்தில் நான் அவளுக்கு நாவல். நாற்பது நிமிடம், முடிந்தால் ஒரு அத்தியாயம்.

ஆங்கில டீச்சர் செய்யுளையும் நாடகத்தையும் மட்டும்தான் வகுப்பில் நடத்துகிறார். நாவலை நாங்களே வீட்டில் படித்துக்கொள்ள வேண்டுமாம், பரீட்சையில் கேட்பாராம். இதற்கு நோட்ஸ்கூடக் கடையில் கிடையாது. ஆங்கிலத்தில் தேறாவிட்டால் மேல்வகுப்பு கிடையாது. வகுப்பில் முழுதாகப் படிப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டுக் கடவுள்மேல் பாரத்தைப் போட்டிருக்கிறார்கள்.

இன்று ஆறாம் அத்தியாயம். கடற்கரையில் தங்கும் விடுதி நடத்தும் அந்த அம்மா, வம்பு செய்த ஒருவனின் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிகிற இடம். பக்கத்தில் மகள் பயந்துபோய் நிற்கிறாள். புலி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மாவும் இப்படித்தான்டி பண்ணுவாங்க" என்றாள். அப்புறம் இறங்கும்வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஒன்பது நாள்.

ஜூன் 17

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து, வெள்ளைச் சேலையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் ஃப்ரெண்டோட அம்மாவ என் வார்டுக்கு மாத்திட்டாங்க."

அம்மாவின் வார்டு எது என்று எனக்குத் தெரியும். மருந்து இனி வலிக்கு மட்டும்தான் என்று ஆனவர்கள் வருகிற வார்டு. எத்தனை நாள் என்று கேட்டேன். அதெல்லாம் கேட்கக்கூடாது என்றாள். பாத்திரம் கழுவும்போது அவளே சொன்னாள்: "ரெண்டு மாசம் தாண்டினா பெரிய விஷயம். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம்னு அவங்கப்பா கைய பிடிச்சுக் கேட்டிருக்கார். நீ வாயத் தொறந்த, அவ்வளவுதான்."

வகுப்பில் எனக்கு வைத்திருக்கும் பெயர் வானொலி. என்னிடம் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 24

நாளைக்குச் சொல்ல வேண்டிய பதினான்காம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். அந்த அம்மா செத்துப்போகிறாள்.

அரைப் பக்கம்கூட இல்லை. மகள் காலையில் வெந்நீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள், அம்மா போய்விட்டிருக்கிறாள். அடுத்த வரியில் கீழே எத்தனை பேருக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று எண்ணுகிறாள். எழுதியவருக்கு மனசே கிடையாதா? இதை நான் எப்படி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்?

ஜூன் 25

சொல்லவில்லை.

மகள் வெந்நீர் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற வரைக்கும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். புலி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "செத்துட்டாங்களா?" "சேச்சே. காய்ச்சல் விட்டிருக்கு. தண்ணி கேக்கறாங்க." புலி பெருமூச்சு விட்டாள். கையில் அவள் விரல் தடம் நான்கு, சிவப்பாக இருந்தது.

ஒரு அத்தியாயம்தானே. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம்.

ஜூலை 3

சரிசெய்ய முடியவில்லை. செத்தவளை வைத்துக்கொண்டு தினம் தினம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் அவள் இல்லை, என் கதையில் மாடியறையில் படுத்திருக்கிறாள். கீழே ஏதாவது நடந்தால் மேலிருந்து குரல் கொடுக்கிறாள். ஒன்றும் தோன்றாதபோது தூங்க வைத்துவிடுகிறேன். "என்னடி, எப்பப் பாத்தாலும் தூங்கறாங்க?" என்று புலி கேட்டாள். மாத்திரை அப்படி என்றேன். "ஆமா, எங்கம்மாவும் அப்படித்தான்" என்றாள். இருமினாற்போல் நடித்தேன்.

ஜூலை 11

புத்தகத்தில் மகள் செய்வதையெல்லாம் என் கதையில் அம்மாவே எழுந்து வந்து செய்துவிடுகிறாள். வாடகை தராமல் மிரட்டுகிறவனை மகள் தனியாக எதிர்த்து நிற்கும் இடம் — படிக்கும்போது எனக்கே முதுகு நிமிர்ந்தது — அதையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மகள் கதவோரம் நின்று பார்க்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

ஜூலை 18

இருபத்திரண்டு அத்தியாயமும் முடிந்தது. புலி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "நல்ல கதைடி. நடுவுல ரொம்ப பயந்துட்டேன்."

பரீட்சைக்கு முன்னால் சொல்லிவிடுவேன். கட்டாயம் சொல்லிவிடுவேன்.

ஜூலை 27

சொல்லவில்லை. நாளைக்குப் பரீட்சை. இன்று அவள் நேராக ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கு வந்திருந்தாள், சீருடை கசங்கி. அவளிடம் எப்படி? இருபத்திரண்டு அத்தியாயம் இருக்கிறது. இதையேவா பார்த்துக் கேட்கப் போகிறார்கள்?

ஜூலை 28

இதையேதான் கேட்டார்கள். கட்டாய வினா, பதினைந்து மதிப்பெண்: தாயின் மறைவுக்குப் பின்... இல்லை, அப்படிக்கூட இல்லை. அப்படி இருந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். பதினான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு மகளிடம் ஏற்படும் மாற்றத்தை விளக்குக. அவ்வளவுதான் இருந்தது தாளில்.

வெளியே வந்ததும் ஓடிவந்தாள். "மூணு பக்கம் எழுதியிருக்கேன்டி! இங்கிலீஷ்ல! நான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் பாவி.

ஆகஸ்ட் 6

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்தார். "பேர் சொல்ல மாட்டேன். ஒருத்தி மட்டும் அற்புதம் பண்ணியிருக்கா. செத்தவங்கள மாடியிலேர்ந்து கீழ எறக்கிக் கூட்டிட்டு வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு வாசித்தார். அம்மா படியில் இறங்கி வந்தாள், மகள் அவள் பின்னால் ஒளிந்துகொண்டாள், அம்மா இருப்பதால் மகள் மாறவே தேவையில்லை. உடைந்த ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லும் நான் பேருந்தில் சொன்னது. வகுப்பே சிரித்தது. டீச்சர் கெட்டவர் இல்லை, அவருக்கு எதுவும் தெரியாது.

புலி சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

மணி அடித்தபின் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வைத்துக் கேட்டாள்.

"செத்துட்டாங்களா, கதையில?"

"ம்."

"எதுக்கு மாத்திச் சொன்ன?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"எனக்கு எதுக்குக் கஷ்டமா இருக்கணும்? எங்கம்மாவுக்குக் குணமாயிட்டு வருது."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வானொலியாம் வானொலி! வேண்டிய நேரத்தில் வாயடைத்துப்போயிற்று. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப்புலி அல்லவா, போட்டுப் பார்த்துவிட்டாள். என் அம்மா எந்த வார்டில் வேலை செய்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"உனக்குத் தெரியும். உங்கம்மா சொல்லியிருக்காங்க. ஜூன்லேர்ந்தே தெரியும் உனக்கு."

பையைக்கூட எடுக்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். "வராத. நீ வராதடி" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வாய் திறக்காதே என்று அம்மா சொன்னாள். நான் திறக்கவில்லையே. ஒரு வார்த்தை சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 7

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நேரா வார்டுக்குத்தான் வந்தா. என்கிட்ட கேட்டா. நான் பொய் சொல்லல. அப்புறம் அம்மாவும் பொண்ணுமா ரொம்ப நேரம் அழுதாங்க. அவங்கப்பா வராந்தாவுலயே நின்னுட்டார்."

ஆகஸ்ட் 12

புலி பள்ளிக்கு வரவில்லை. அவள் பையை அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை, உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் சமைக்கிறாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13

காலைப் பேருந்தில் ஒரு கணக்கும் வரவில்லை. யார் சொல்லித்தருவார்?

ஆகஸ்ட் 19

"உன் ஃப்ரெண்டோட அம்மா உன்ன வரச் சொல்றாங்க. அந்தப் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வரணுமாம்" என்று அம்மா சொன்னாள். போகமாட்டேன் என்றேன். அம்மா என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. ஜன்னலை ஒட்டிய கட்டில். புலியின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அவ்வளவு சிறுத்துப்போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. குரல் மட்டும் பழைய குரல். புலி கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"வாடி கதைக்காரி. இவ சொன்னா, ஒருத்திய சாகவே விடாம வெச்சிருந்தியாமே?"

"தப்புதான் அத்தை. மன்னிச்சிருங்க." அழுதுவிட்டேன். அங்கே அழக்கூடாது என்று வரும்வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

"அழாத. இவங்கப்பாவும் அதத்தானே பண்ணார், நானும் அதத்தானே பண்ணேன். உன்ன மட்டும் எதுக்குத் திட்டறது?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "புஸ்தகத்துல என்ன இருக்கோ அதச் சொல்லு. அம்மா போனதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்றா? எனக்கு அதான் தெரியணும். மருந்தப் பத்தி எல்லாரும் பேசறாங்க, சாமியப் பத்திப் பேசறாங்க. அந்தப் பொண்ணு அடுத்த நாள் எழுந்து என்ன பண்ணும்னு ஒருத்தரும் என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க."

பாதத்தைப் பிடித்திருந்த புலியின் கை நின்றுவிட்டது.

ஐயோ, நான் வெட்டி எறிந்தது அதைத்தானே. எட்டு அத்தியாயம். அந்த அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று மகளைக் கதவோரத்தில் நிறுத்திவைத்தேனே. புலிக்கு வேண்டியிருந்தது அந்த மகள்தானே.

பதினான்காம் அத்தியாயத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. வெந்நீர், மாடிப்படி, அரைப் பக்கம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று அவள் எண்ணும் இடத்தில், "சமத்து" என்றார் அத்தை.

ஆகஸ்ட் 23

தினமும் நாலிலிருந்து ஐந்து. புத்தகத்தில் மகள் கணப்படுப்பு மூட்டத் தெரியாமல் வீடு முழுக்கப் புகை போடுகிறாள். அத்தை சிரித்தார், சிரித்து வலி வந்துவிட்டது. "இவளும் அப்படித்தான். போன வாரம் சோத்தக் கரிச்சிட்டு ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சாளாம்." புலி தரையைப் பார்த்துக்கொண்டே, "நேத்து கரியல" என்றாள்.

என்னிடம் இன்னும் பேசவில்லை. நான் வாசிக்கும்போது மட்டும் கேட்கிறாள்.

ஆகஸ்ட் 26

வாடகைக்காரனை மகள் தனியாக எதிர்க்கும் அத்தியாயம். மறுபடி வாசி என்றார் அத்தை. வாசித்தேன். மறுபடியும் என்றார். மூன்றாவது முறை வாசிக்கும்போது கண் மூடிவிட்டார். தூக்கம்தான். நான் நிறுத்தியதும் புலி மெல்ல, "நிறுத்தாத" என்றாள். இருபது நாளுக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன ஒரே சொல்.

ஆகஸ்ட் 28

இருபத்தொன்று முடிந்தது. இன்னும் ஒன்றுதான். நாளைக்கு.

ஆகஸ்ட் 29

அத்தை இன்று காலை போய்விட்டார்.

ஆகஸ்ட் 31

வீடு நிறைய ஆட்கள். புலி எல்லோருக்கும் தம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று கண்ணாலேயே எண்ணினாள். உட்காரு என்று அவள் சித்தி இரண்டுமுறை சொல்லியும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள். வாங்கும்போது அவள் விரல் பட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் அடுத்தவரிடம் போய்விட்டாள்.

செப்டம்பர் 11

புலிக்கு மட்டும் மறுதேர்வு வைத்தார் டீச்சர். காலி வகுப்பறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதினாள். வராந்தாவில் காத்திருந்தேன். வெளியே வந்தவள் இன்னொரு படிவழியாக இறங்கிப் போய்விட்டாள். டீச்சர் தாளைக் கையில் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அம்மா சாகக் கிடந்த பொண்ணப் பாத்தா அன்னிக்கு நான் கிளாஸச் சிரிக்க வெச்சேன்?" என்று கேட்டார்.

தேறிவிட்டாள். கடைசி அத்தியாயத்திலிருந்தும் ஒரு வினா இருந்ததாம், அதற்கும் எழுதியிருக்கிறாள். அந்த அத்தியாயத்தை உள்ளபடி நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 22

அடுத்த பாடப்புத்தகம் வந்துவிட்டது. புதிய நாவல், முந்நூறு பக்கம். முதல் பக்கத்தை யார் வாசிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். நான் கை தூக்குவதற்குள் முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. புலி இப்போது அங்கேதான் உட்காருகிறாள்.

எழுந்து நின்று வாசித்தாள். நிதானமாக, விரலை வரிமேல் வைத்துக்கொண்டு. மூன்றாவது வரியில் ஒரு நீளமான சொல் தடுக்கியது. எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் திரும்பினால் உதட்டசைவில் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

திரும்பவில்லை. சொல்லை மூன்றாக உடைத்தாள், மெதுவாகச் சேர்த்தாள், அடுத்த வரிக்குப் போனாள்.