முதல் கல்லை நக்கியவளுக்கு

இன்று காலை அலமாரியைத் துடைத்தேன். நீ கொடுத்த வெங்கச்சங்கல் படிகத் துண்டின் மேல் தூசி அப்பிக் கிடந்தது. ஈரத்துணியால் எத்தனை துடைத்தும் உள்ளே ஓடும் புகை நிறம் சரியாகத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டில் யாருமில்லை. சட்டென்று நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கிவிட்டேன். சீ, இந்த வயதில் எனக்கு இது தேவையா? ஆனால் நிறம் பளிச்சென்று வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன், துணிக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரிகிறது.

அந்தப் பழக்கத்துக்காக உன்னை நான் திட்டாத நாள் உண்டா? கொடும்பாளூர்க் கண்மாய்க்கரையில் மாடு மிதித்துப் போன கல்லாக இருந்தாலும் சரி, எடுத்தவுடன் முந்தானையில் ஒரு தேய்ப்பு, நாக்கில் ஒரு இழுப்பு.

"கருமம், கீழ போடுடி" என்பேன்.

"ஒனக்கென்ன, ஒன் நாக்கா?" என்பாய்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீ பூகோள டீச்சர், நான் தையல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் பொட்டலில் கல் பொறுக்கப் போய்விடுவோம். அப்புறம் டிராயிங் மாஸ்டர் சேர்ந்தார், மருந்துக்கடைக்காரர் சேர்ந்தார், இன்னும் சிலர் சேர்ந்தார்கள். நீ அதை ஒரு சங்கமாக ஆக்கினாய். நம் இருவரைத் தவிர எல்லாரும் ஆண்கள். ஊர் நமக்கு வைத்த பெயர் கல்லுப்பொறுக்கிக் கோஷ்டி.

அறுபதுகளின் தொடக்கம் அது. விராலிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு வெங்கச்சங்கல் குழியில் வேலை நடக்கிறது, குழிச் சுவரில் ஒரு பொந்து திறந்து உள்ளே முனை முனையாகப் படிகம் வளர்ந்து நிற்கிறது என்று ஒரு லாரி டிரைவர் வந்து சொன்னார். உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயலில் உருண்டு கிடந்த கல்லைத்தான் அதுவரை நீ பார்த்திருந்தாய். "பொறந்த எடத்துல வச்சு ஒரு தடவை பாத்துரணும்டி. பாக்காம விடமாட்டேன்" என்றாய். முதலாளி வீட்டுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கியவளும் நீதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, முள்காட்டில் நடந்து, சேலையெல்லாம் நெருஞ்சி ஒட்டப் போய் நின்றோம். குழியின் மேஸ்திரி நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பளைங்க எறங்குங்க. டீச்சரம்மா ரெண்டு பேரும் அங்கிட்டு மரத்தடியில ஒக்காருங்க. பொம்பளைங்க குழிக்குள்ள எறங்குறதில்ல. எங்கப்பா காலத்துலேருந்து இருக்குற சட்டம்."

"மேலேருந்து பாத்தா தெரியுமா?" என்று கேட்டாய்.

"தெரியாதுங்க. பொந்து கீழ, உள்வாங்கி இருக்கு. மத்தியானம் அந்தச் சுவத்துக்குத்தான் வேட்டு. அதுக்கப்புறம் பொந்தும் இருக்காது ஒண்ணும் இருக்காது."

உன் முகம் செத்துவிட்டது. நம் டிராயிங் மாஸ்டர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கவலைப்படாதீங்க, நான் பாத்து வரைஞ்சு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார். வரைந்து காட்டுகிறாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாட்டுத் தூக்கை மடாரென்று வைத்தேன். உள்ளே ரசம் கொட்டியதுதான் மிச்சம்.

நீ மரத்தடிக்கு வரவில்லை. குழி விளிம்பிலேயே நின்றாய். ஆண்கள் மேலே ஏற்றிவிட்ட கல்லைப் பெண்கள் கூடையில் அள்ளி லாரிக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்கியவள் பொன்னம்மா. "நீங்க கீழ பாத்திருக்கீங்களா?" என்று அவளிடம் கேட்டாய். "நாங்க எங்கிட்டுப் பாக்க? கல்யாணமாகி வந்ததுலேருந்து சொமக்குறேன், எங்கேருந்து வருதுன்னு கண்டதில்ல" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் அது நடந்தது. விளிம்பில் ஒரு வேப்பங்கொத்தின் மேல் தனியாக ஒரு கல். குனிந்தாய். எடுத்தாய். முந்தானை, நாக்கு.

"ஐயையோ டீச்சர்!" பொன்னம்மாவின் கூடை கீழே விழுந்தது. குழிக்குள் சம்மட்டிச் சத்தம் நின்றது. மேஸ்திரி ஓடி வந்தார்.

விஷயம் இதுதான். காலையில் முதலில் வெளியே வரும் கல் பூமிக்கு உரியது. யாரும் தொடாமல் வேப்பிலை மேல் வைத்திருந்து, பொழுது சாயும்போது குழிக்குள்ளேயே திருப்பி வைத்துவிடுவார்கள். எச்சில் பட்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அது சரியாகாமல் இனி சம்மட்டியைத் தொடமாட்டோம் என்று கீழிருந்து குரல் வந்தது. "தெரியாம செஞ்சுட்டேங்க, மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டாய்.

"குடுங்க, நான் கழுவி வச்சுர்றேன்" என்று மேஸ்திரி கை நீட்டினார்.

பொன்னம்மா குறுக்கே வந்தாள். "அதெப்படி? எச்சிப்படுத்துன கைதானே கீழ ஊத்துத் தண்ணியில கழுவணும்? லாரி கிளீனர் பய மொதக்கல்லு மேல வெத்தலை எச்சியைத் துப்புனப்ப அவனைத்தானே எறக்குனீங்க?"

"அவன் ஆம்பளை."

"எச்சியில என்னங்க ஆம்பளை எச்சி, பொம்பளை எச்சி? ரெண்டு சட்டமும் ஒங்க அப்பா போட்டதுதான். எதை மீறப் போறீங்க, சொல்லுங்க."

சுமை தூக்கும் பெண்கள் எல்லாரும் கூடையை இறக்கிவிட்டு அவள் பின்னால் வந்து நின்றார்கள். மேஸ்திரி குழியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "எறங்கித் தொலைங்க. கழுவி வச்சுட்டு ஒடனே ஏறிரணும்."

கொசுவத்தைச் செருகிக்கொண்டாய். கல்லை மடியில் கட்டினாய். "ஏணியைப் பிடிடி" என்றாய். பிடித்தேன். மூங்கில் ஆடிய ஆட்டத்தில் ஏணியோடு நானும் ஆடினேன். நீ ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. ஊற்றில் நீ கல்லைக் கழுவும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. என் கை வலித்தது. மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அப்புறம் கீழேயிருந்து உன் குரல், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கேட்காத குரல்:

"பாத்துட்டேன்டி! பாத்துட்டேன்!"

மத்தியானம் வேட்டு வைத்தார்கள். நாம் தூரத்தில் முள்காட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். புகை அடங்கியதும் இடிபாட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி. நீ எடுத்ததை என் கையில் வைத்துவிட்டாய். "எனக்கு வேணாம், நான் பாத்தாச்சு" என்றாய். அதுதான் இந்தத் துண்டு.

திரும்பும் பஸ்ஸில் உன் காதில் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. தெரிஞ்சேதானே நக்குனே?"

"கல்லைக் கண்டா நக்கத் தோணுச்சு. வேற ஒண்ணும் தோணலைடி."

நம்பினேன். உன் நாக்கு என்றைக்கு உன் மூளையைக் கேட்டு வேலை செய்தது?

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்கு இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். உனக்குக் கண் முற்றாகப் போயிருந்தது. என்னைக்கூடக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டாய். கல்லை உன் உள்ளங்கையில் வைத்தேன். தடவினாய். மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனாய். நர்ஸ் பதறிப்போய், "பாட்டி, அது மாத்திரை இல்ல!" என்றாள். நீ சிரித்தாய். "பாத்துட்டேன்" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

இப்போது நம் ஊரில் புதிதாக ஒரு கல் சங்கம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழிக்கு வேனில் போகிறார்கள். பேர் கொடுக்கப் போனேன். நல்ல பிள்ளைகள்தான். "வாங்க பாட்டி. ஆனா குழியெல்லாம் வேணாம், நீங்க வேன்லயே ஒக்காந்துக்கங்க, நாங்க போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்" என்றார்கள்.

டிராயிங் மாஸ்டர் ஞாபகம் வந்தது. பேரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய செருப்புக்கு வார் தைத்து வைத்திருக்கிறேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கியாயிற்று. அன்றைக்கு நான் மேலேயே நின்றுவிட்டேன், ஏணியை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை வேறு யாராவது பிடிக்கட்டும்.