சொற்கல்லை உடைக்கற்க: அத்திக்கோட்டு வேளுக்கு விடுத்த ஓலை

ஏரிகள் நிறைக. எல்லைகள் அமைதி கொள்க. ஏழு ஆறும் எழுபது ஊரும் உடைய நெடுவயல் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் அரசி ஆதிரைப் பெருமாட்டியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் பேரவை முதல்வனாகிய இறையூர்கிழான் மாநாகன், தேனும் தினையும் குறையாத அத்திக்கோட்டு மலைநாட்டைக் காக்கும் வேள் திருக்கண்டனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மலையும் மக்களும் ஆநிரையும் நலமுடன் விளங்குக. தங்கள் தமக்கையாரும் என் மனையாளுமாகிய நங்கையார், தாங்கள் உடல் நலம் பேணுமாறு தனியே சொல்லச் சொன்னார். அதனையும் இவ்வோலையிலேயே ஏற்றினேன்.

தங்கள் ஓலை வந்தது. அத்திக்கோட்டு அவையில் மாற்றுக் கட்சியார் சொற்கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒரு செயலையும் நடக்கவிடாமல் அடிக்கின்றனர் என்றும், ஆகவே அக்கல்லைப் பெயர்த்து உடைத்து வழிக்குச் சரளையாகப் போட அரசியார் இசைவு தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர். படித்தபோது சிரித்தேன். பொய் சொல்வானேன், ஐந்து திங்களுக்கு முன்னர் என் கையே சம்மட்டியைத் தேடிற்று. ஆகவே எங்கள் பேரவையில் நடந்ததை முழுதும் சொல்லிவிட்டு, அதன்பின் அரசியாரின் ஆணையைச் சொல்வேன்.

தாங்கள் அறிந்த வழக்கமே எங்கள் வழக்கமும். திறந்த முற்றத்தின் நடுவே, பேசுபவர் ஏறி நிற்கும் சொற்கல் கிடக்கிறது. அதன்மேல் ஒருவர் அடி இருக்கும்வரை ஓலைக்குடத்தின் கட்டை அவிழ்த்தலாகாது. குடம் அவிழாமல் எவரும் தம் இசைவு ஓலையை அதில் இட முடியாது. பொழுது சாய்ந்து அவை கலையும்போது, நிற்பவர் தம் செருப்பைக் கல்லின்மேல் விட்டுச் சென்றால் அவர் நிற்பதாகவே பொருள். ஒருவர் இறங்குமுன் அவர் கட்சியார் இன்னொருவர் ஏறிக்கொள்ளலாம். எண்ணிக்கையில் குறைந்தவர் குரல் நசுங்கிவிடக் கூடாது என்று முன்னோர் இட்ட காப்பு இது.

கடந்த ஆனியில் பெருநாரை ஏரியின் கரையில் மதகின் அருகே ஓர் ஆள் கை நுழையும் அளவுக்குப் பிளவு கண்டது. ஆவணிக்குள் வேலையைத் தொடங்கினால்தான் ஐப்பசி மழைக்குக் கரை நிற்கும். தவறினால் கரைக்குக் கீழே உள்ள பதினோரு ஊரும் தண்ணீருக்குள் போகும். எனவே கரையைக் கட்டி, மிகைநீர் வழியும் கலிங்கையும் இரண்டு முழம் உயர்த்துவோம் என்று கீழ்க்கரையாராகிய நாங்கள் கேட்டோம். தொண்ணூற்றாறு பேர் கொண்ட பேரவையில் நாங்களே மிகுதி. மேல்கரையார் தலைவர் பெரும்பூதனார் உடனே கல்லின்மேல் ஏறினார்.

ஏறியவர்கள் பத்தொன்பது நாள் இறங்கவில்லை. ஒருவர் மாங்காய் ஊறுகாய்க்கு உப்பிடும் முறையை ஒரு முற்பகல் முழுதும் விரித்தார். இன்னொருவர் பெரும்பூதனாரின் தொழுவத்து எருதுகளைத் தாய்வழி தந்தைவழியோடு வரிசையாகச் சொன்னார். மறந்தவிடத்து மீண்டும் தொடக்கத்திலிருந்து வந்தார். ஏரியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பிளவின் நேர்க்கீழே வீடுடைய அல்லியங்கோதையார் எங்கள் பக்கத்து உறுப்பினர். அவர் நாள்தோறும் விடியலில் கரைக்குச் சென்று பிளவை முழக்கோலால் அளந்துவிட்டு அவைக்கு வந்து அமர்வார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசிற்று.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கல்லை உடைத்துவிடுவோம் என்று கொதித்தனர். எனக்கோ அவர்களோடு சேர முகமில்லை. ஏனெனில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் மேல்கரையார் மிகுதியாய் இருந்து, விதைப்புக் காலத்தில் எங்கள் எருதுகளை அரண் வேலைக்குப் பிடிக்கத் துணிந்தபோது, அதே கல்லின்மேல் நான்கு நாள் நின்று தடுத்தவன் நானே. அன்று எங்கள் ஊரார் என்னைத் தோளில் சுமந்தனர். பெரும்பூதனார் என்னை வாயாடி என்றார். அன்று நாங்கள் அறம் என்று சொன்னதைத்தான் இன்று அடாவடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். விதியை மாற்றலாமென்றாலோ, அதற்கும் குடம் அவிழவேண்டும். குடம் அவிழக் கல் ஒழியவேண்டும்.

இருபதாம் நாள் நண்பகலில் கோடை மழை தூறிற்று. ஈரக்கல்லின்மேல் எவரும் ஏறலாகாது என்பதும் பழைய விதி. முன்னொரு காலத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து மாண்டதால் வந்தது. கல் வெயிலிலும் காற்றிலும் தானே உலரவேண்டும், துணியால் துடைத்தல் கூடாது. எங்கள் அவை மழையில்லாத திங்களிலேயே கூடுவதால் அவ்விதியை எல்லோரும் மறந்திருந்தோம். அன்று கல்லின்மேல் நின்றவரோ தம் ஓலைக்குடையை விரித்துக்கொண்டு, கல்லில் துளி படாமல், எருதுப் பட்டியலைத் தொடர்ந்தார். அவரை அப்படியே விட்டு, மழையும் ஓய்ந்திருந்தால் எங்கள் கதை முடிந்திருக்கும்.

அவருடைய கட்சியார்தாம் எங்களைக் காத்தனர். ஒரு குடை போதாதென்று அஞ்சி நால்வர் தத்தம் குடைகளோடு நான்கு பக்கமும் ஓடிவந்து, அவர் தலைக்கு மேலே குடையோடு குடை மோத நெருக்கினர். நான்கு குடையும் உள்நோக்கிச் சாய்ந்தன. அதுவரை வெளியே வடிந்த நீரெல்லாம் ஒன்றுகூடிக் கல்லின் நட்டநடுவில் கொட்டிற்று. முற்றத்திலேயே அதிகம் நனைந்த இடம் சொற்கல்தான். அவைக்காவலர் வந்து கல்லைத் தொட்டுப் பார்த்து, விரலை உயர்த்திக் காட்டி, நின்றவரை இறங்கச் சொன்னார். அப்போது எங்கள் பக்கம் எழுந்த ஆரவாரம் அங்காடி வரை கேட்டதாம். நானும் ஆர்த்தேன், அதற்காக வெட்கப்படவில்லை.

ஆயினும் மழை நின்று வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியது. மேல்கரையார் விசிறிகளை எடுத்துக் கல்லைச் சூழ்ந்து நின்று விசிறலாயினர். விசிறிக் காற்றும் காற்றே என்று வாதாடினர். தொண்ணூற்றாறு ஓலையை இட்டு எண்ணி முடிக்கும் பொழுதில் கல் உலர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு முறைதான் குடத்தை அவிழ்க்க முடியும். எங்கள் பக்கத்தார் அவை முதல்வனாகிய என்னை நோக்கி, ஏரியை முதலில் வையும் என்று கூவினர். சிலர் கல்லை உடைக்கும் தீர்மானத்தை வையும் என்றனர். அல்லியங்கோதையார் எழுந்து, தம் வீட்டுச் சுவருக்குப் பின்னால் பிளவு இருக்க இன்னும் என்ன எண்ணம் என்று என்னை நேராகக் கேட்டார்.

நான் கல்லின் விதியைத் திருத்தும் தீர்மானத்தை வைத்தேன். கல் இருக்கும், ஆனால் ஒரு செயலுக்கு ஒருவரே, ஒரே நாள், ஞாயிறு எழுந்து மறையும்வரை, தன் காலில் நின்று, எடுத்த பொருளைப் பற்றி மட்டுமே பேசலாம், செருப்பு இனி ஆளாகாது. ஏரி மட்டும் இன்று தப்பினால் நாளை ஆற்றுப்பாலத்துக்கு இன்னொரு பத்தொன்பது நாள் வரும் என்றும், இது நிறைவேறினால் ஏரிக்கு ஒரு நாள்தான் காலம் தாழும் என்றும் அவருக்கு விடை சொன்னேன். அதைக் கேட்டு, முதல் ஓலையை அவரே குடத்தில் இட்டார். ஐம்பத்தொரு ஓலை இசைவாக விழுந்தது. எண்ணி முடித்தபோது கல்லின் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம் எஞ்சியிருந்தது.

மறுநாள் பெரும்பூதனார் தாமே ஏறினார். குடையில்லை, துணையில்லை. பொருளைத்தான் பேசவேண்டும் என்ற விதியால், பத்தொன்பது நாளாக எவரும் சொல்லாததை அவர் சொன்னார்: கலிங்கு இரண்டு முழம் உயர்ந்தால் ஏரிநீர் பின்னேறி, மேல்கரையில் நாற்பது குடும்பங்களின் தினைப்புலம் மூழ்கிவிடும். பேசிப் பேசி அவர் குரல் கம்மிப்போனது, ஆயினும் இறங்கவில்லை. எனக்கு உள்ளம் சுட்டது. இந்த ஒரு சொல்லை முதல் நாளே அவர் சொல்லியிருக்கலாம். நாங்களும் முதல் நாளே கேட்டிருக்கலாம். ஞாயிறு மறைந்ததும் அவர் இறங்க நான் கை கொடுத்தேன், அவரும் பற்றினார். கலிங்கு ஒரு முழம் போதும், கரையை அகலமாகக் கட்டுவோம் என்று திருத்தி வைத்தோம். மூவர் தவிர அனைவரும் இசைந்தனர்.

வேலைக்கு மண் இழுக்கப் பெரும்பூதனாரின் எருதுகளே வந்தன. அவற்றின் வரிசை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆதலால், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தோம். ஐப்பசியில் மழை ஏழு நாள் விடாமல் அடித்தது. ஏரி கடல்போல் ஏறிற்று, கரை அசையவில்லை. எட்டாம் நாள் கலிங்கில் நீர் வழிந்ததை இரு கரையாரும் குலவையிட்டுக் கண்டோம். அல்லியங்கோதையார் வீட்டுக் கொல்லைச் சுவர்கூட நனையவில்லை. முழக்கோலை அவர் இப்போது அவரைக்கொடிப் பந்தலுக்கு ஊன்றியிருக்கிறார். நாங்கள் வென்றோம், வேளே! இதைவிடப் பெரிய வெற்றியை நான் கண்டதில்லை.

ஆகவே அரசியாரின் ஆணை இது. அத்திக்கோட்டுச் சொற்கல்லை உடைக்கற்க, பெயர்க்கற்க, அதன்மேல் கூரையும் வேயற்க. நெடுவயல் பேரவையின் புதிய விதியைத் தங்கள் அவையில் வைத்து, குடத்தால் முடிவு செய்க. மாற்றுக் கட்சியார் அதன்பின் ஏறிப் பேசும் ஒரு நாளில், தாங்கள் எழுந்து போகாமல் பொழுது சாயும்வரை இருந்து கேட்க. இது அரசியாரின் முத்திரை இட்டு, கார்த்திகைத் திங்கள் முழுநிலா நாளில் என் கையால் எழுதியது.

இவ்வோலையோடு ஓர் இணைச் செருப்பு வருகிறது. மைத்துனன் செருப்பு அனுப்பினான் என்று சினம் கொள்ள வேண்டா. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நான் கல்லின்மேல் விட்டுவந்த செருப்பு அதுவே. எண்ணெய் தடவி வைத்திருந்தேன். கல்லில் விட்டுப்போக இனி அது உதவாது, காலில் இட்டு நிற்க உதவும். இன்று மிகுதியாய் இருப்பவர் நாளை குறைவர், திருக்கண்டனாரே. அந்த நாள் தங்களுக்கு வரும்போது, இதை அணிந்துகொண்டு ஏறி நிற்க அங்கே ஒரு கல் இருக்கவேண்டும்.