ஒன்பது பிறந்துவிட்டது

17 நவம்பர் 1970, செவ்வாய்

நேற்று கார்த்திகை பிறந்தது. காலையிலிருந்து தூறல். பெட்டி கட்டியாயிற்று, மறுபடி அவிழ்த்தாயிற்று. புடவைக்கு நடுவே அம்மா ஊறுகாய் ஜாடியைச் செருகி வைத்திருக்கிறாள்.

"எண்ணெய் கசிஞ்சா?"

"கசியாதுடி. துணியால வேடு கட்டிக்கீறேன்."

எடுத்துப்போக: டிக்கெட், பாஸ்போர்ட், பெர்மிட். லேடி டாக்டர் சீட்டு (32 வாரம், விமானத்தில் போகலாம் என்று எழுதியது). அவருக்கு வேட்டி. காமாட்சி அம்மன் குங்குமம்.

பெர்மிட் இம்மாதம் முப்பதாம் தேதியோடு சரி. அதற்குள் பினாங்கில் கால் வைக்காவிட்டால் பிறகு விடமாட்டார்கள் என்று அவர் மூன்று கடிதத்தில் எழுதிவிட்டார். கப்பல் அடுத்த மாதம்தான். அதனால் விமானம். கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்து இருந்தது அவர் இந்த வருஷம் வந்த ஒரே லீவில்.

அண்ணன் பஸ் கண்டக்டர். விமான டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பின்னாடி இன்னாமா எழுதி வச்சிக்கிறாங்க! எங்க டிக்கெட்ல இவ்ளோ இருந்தா ஒரு ஜனம் ஏறாது." என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துப் படித்தேன். பொடி எழுத்து. மீதி விதிகளைக் கம்பெனி ஆபீசில் பார்த்துக்கொள்ளலாமாம்.

19 நவம்பர், வியாழன்

மீனம்பாக்கம் போனேன். திரும்பி வந்தேன். எழுதக் கை வரவில்லை.

20 நவம்பர், வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

கவுன்ட்டரில் டை கட்டிய ஆள். என் வளையல் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தார். வளைகாப்பில் அடுக்கியது, இரண்டு கையிலும் முழங்கை வரை. வயிற்றைப் பார்த்தார். "எத்தனை மாசம்மா?"

டாக்டர் சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்குவதற்குள் என் முதுகுப் பக்கமிருந்து அம்மா, பெருமையாக: "ஒம்போது பொறந்துட்டுது சார்! கார்த்திகை பொறந்துதில்ல!"

அம்மா கணக்கில் தப்பில்லை. எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்க அதே கணக்குதான். நான் கடைசியாகத் தலைக்குக் குளித்தது பங்குனி முடியும்போது. ஆனாலும் பங்குனி ஒன்று. சித்திரை இரண்டு. இப்படியே வந்தால் கார்த்திகை முதல் தேதி விடிந்ததும் ஒன்பது. டாக்டரம்மா நாட்களை எண்ணுகிறார். அவருக்கு ஏழு முடிந்து சில நாள்.

கம்பெனி விதி: எட்டு மாதம் முடிந்தவர்களை ஏற்றுவதில்லை.

"சீட்டுல முப்பத்திரண்டு வாரம்னு இருக்குதே சார்" என்றான் அண்ணன்.

"ரெண்டு கணக்கு இருந்தா, எது அதிகமோ அதத்தான் நாங்க எடுத்துக்குவோம். பெத்த அம்மாவே சொல்றாங்களேப்பா."

எந்த விதியில் இருக்கிறது? புத்தகத்தில். புத்தகம் எங்கே? மவுன்ட் ரோடு ஆபீசில். விமானம் எங்கே? அதோ, ஓடுகிறது.

திரும்பும் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் அம்மா, "கேட்டாரு. சொன்னேன்" என்றாள். அவளை அறையலாமா என்றிருந்தது. அவள் மடியிலேயே விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன்.

24 நவம்பர், செவ்வாய்

மவுன்ட் ரோடு. அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தான். ஆபீசரிடம் மனு கொடுத்தேன். நானே எழுதியது, அகராதியோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தது.

படித்தார். மாதக் கணக்கை விரல் விட்டுச் சொன்னேன். சிரித்தார். பிறகு தடித்த புத்தகத்தைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார். ஏற்றலாமா கூடாதா என்பதில் கம்பெனி ஊழியரின் முடிவே முடிவு. இதைத்தான் டிக்கெட்டில் போடவில்லை.

மோசமான ஆள் இல்லை. காப்பி வரவழைத்தார். "குழந்தை பொறந்ததும் ஆஸ்பத்திரி சீட்டு அனுப்புங்க. நீங்க ஏற வந்த அன்னிக்கு எட்டு முடியலைன்னு அதுல தெரிஞ்சா, தப்பு எங்களுதுன்னு லெட்டர் தர்றோம். அதைக் காட்டினா அங்க பெர்மிட்டை நீட்டிப்பாங்க. டிக்கெட்டும் செல்லும்."

டாக்டர் சொன்ன தேதி ஜனவரி 14. பொங்கல் அன்று.

ஆக, என் சாட்சி வயிற்றில் இருக்கிறது. பொங்கல் வரை அசையாமல் இருந்தால் போதும்.

30 நவம்பர், திங்கள்

மழை. விறகு எல்லாம் ஈரம். பெர்மிட் இன்றோடு முடிந்தது. அம்மா அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

குடம் தூக்குவதில்லை. படி ஏறுவதில்லை. கோயிலுக்குக்கூடப் போகவில்லை. வயிற்றைத் தடவி, "இருடா கண்ணு, அவசரப்படாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள். "எல்லாரும் சீக்கிரம் வான்னு கூப்புடுவாங்க. நீ இன்னாமா, வராதேன்னிக்கினு கீற?"

12 டிசம்பர், சனி

ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை பெண் குழந்தை.

வழுக்கி விழவில்லை. கனம் தூக்கவில்லை. சும்மா உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். வலி.

கையகலம் இருக்கிறாள். நகம்கூடச் சரியாக வளரவில்லை. லேடி டாக்டர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டார். நர்ஸ் புதுசு. நான் நினைவில்லாமல் கிடந்தபோது வெளியே போய்க் கேட்டிருக்கிறாள், எத்தனை மாதம் என்று.

வெளியே இருந்தது அம்மா.

சீட்டில் 9.

மாற்றி எழுதச் சொன்னேன். கெஞ்சினேன். "ரிஜிஸ்டர்ல ஏறிட்டுதும்மா. ஒல்லியான தாய்க்கு ஒல்லியாத்தான் பொறக்கும்."

குழந்தையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா? பிறகு பால் குடித்தாள். ஆத்திரம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை.

19 டிசம்பர், சனி

வீடு. பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "நல்ல வேளை ஏத்தல. ஏறியிருந்தா ஆகாசத்துலயே பெத்துக்கினு இருந்திருப்ப." கம்பெனிக்கு ஊரே நன்றி சொல்கிறது. மீனம்பாக்கத்தில் ஒரு பகல் நின்றது, ஆடி ஆடி வந்த பஸ், தின்னாமல் தூங்காமல் கிடந்தது, இதற்கெல்லாம் சீட்டில் கட்டம் இல்லை.

அண்ணன் சீட்டை அனுப்பிவிட்டான். அனுப்பாவிட்டால் கேஸே இல்லை என்கிறான்.

7 ஜனவரி 1971, வியாழன்

கம்பெனி கடிதம். முதல் வரியில் பெண் குழந்தைக்கு வாழ்த்து. இரண்டாவது வரி: ஆஸ்பத்திரி சீட்டின்படி ஒன்பது மாதம். ஆகவே அன்றைய முடிவு சரி. விஷயம் முடிக்கப்பட்டது. டிக்கெட் செல்லாது.

டாக்டரம்மா திரும்பி வந்துவிட்டார். குழந்தையைத் தூக்கிப் பார்த்ததுமே, "குறைமாசம்னு நான் எழுதித் தரேன்" என்றார். அண்ணனிடம் சொன்னேன். வெகு நேரம் டிக்கெட் பையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கணக்கு இருந்தா எது அதிகமோ அதும்மா" என்றான்.

அவரிடமிருந்தும் கடிதம். பெர்மிட்டுக்கு அங்கே புது மனு வாங்குவதில்லையாம். அடுத்த லீவு எப்போது என்று எழுதவில்லை. பாப்பா யார் ஜாடை என்று கேட்டிருக்கிறார்.

14 ஜனவரி, வியாழன்

பொங்கல். வெயில் நன்றாக அடித்தது. வாசலில் பானை பொங்கியது, கிழக்குப் பக்கமாக. வளையல் இல்லாமல் கை லேசாக இருக்கிறது. குழந்தை கண் திறந்து புகையைப் பார்த்துத் தும்மியது.

எதிர்வீட்டுக்காரி கரும்பு கொடுக்க வந்தாள். "எத்தினி மாசம் ஆவுதுமா கொழந்தைக்கு?"

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "கார்த்திகை, மார்கழி, தை. மூணு பொறந்துட்டுது!"

என் கணக்குப்படி இவள் இன்றைக்குத்தான் பிறக்க வேண்டும்.