மேசைக்கடியில் ஒரு பேரம்

ஷாங்காய்

அன்புள்ள அப்பா,

நான் நலம். குளிருக்கு உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வளரும் தொழில்களில் பங்கு வாங்கி, அவற்றோடு தானும் வளர்வது எங்கள் நிறுவனம். வினிகர் ஆலை நடத்தும் ஃபாங் பெரியவர் மட்டும் பல மாதமாகப் பிடி கொடுக்கவில்லை. நேற்று அவரே விருந்துக்கு அழைத்தார். எங்கள் தலைவர் ஷென், மரியாதைக்குத் தன் மதுக் கோப்பையை அவருடையதைவிடத் தாழ்த்திப் பிடித்து இடித்தார். பெரியவர் விடுவாரா? அதற்கும் கீழே தாழ்த்தினார். மாறி மாறித் தாழ்த்தி, இருவரும் மேசைக்கடியில் குந்திவிட்டார்கள்.

"இனி இறங்கத் தரை விடாது தம்பி. ஆலைக்குள்ள வந்த பிறகும் இப்படியே இருப்பீங்களா?" என்றார் பெரியவர்.

"அங்க நீங்கதாங்கய்யா முதலாளி," என்றார் ஷென், எழாமலே.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதனால் வேலை கூடி, புத்தாண்டு வசந்த விழாவுக்கு ஊருக்கு வர முடியாது. நீங்கள் போடும் மிளகாய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பது இனிக்கிறது.

கீழே கார் வந்துவிட்டது. விழாவன்று மேசையில் எனக்கும் ஒரு கோப்பை வையுங்கள். வீட்டில் இருப்பதிலேயே குட்டையானதாகப் பார்த்து வையுங்கள், அப்பா.

உங்கள் மகள்,
சிங்யான்