பேட்டர்ன் ரூமில் ஒத்துப்போகாத எண்

நவம்பர் 4, செவ்வாய்

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தரும் பையர் அனுப்பிய டிசைன் திறக்கவில்லை. அதைத் திறக்கும் மென்பொருளின் புது வெர்ஷன் வேண்டுமாம். டவுன்லோட் செய்யப் போனால் ‘சான்றிதழ் செல்லாது, ஆபத்தான தளம்’ என்கிறது. என் செல்போனில் அதே தளம் ஒழுங்காகத் திறக்கிறது! அப்படியென்றால் எங்கள் கணினியில்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார்?

நவம்பர் 5

பேட்டர்ன் ரூமில் என்னோடு துணி வெட்டும் அளவுகளை வரையும் ஒரே ஆளான கவிப்பிரியா, அந்த மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுவந்தாள். “பழைய கம்பெனி ஃப்ரெண்டுகிட்ட வாங்குனேனுங்க்கா” என்றாள், கூசாமல். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரே பையர்.

கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கத் தளத்தில் செக்சம் என்று எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீள எண் போட்டிருப்பார்கள். செல்போனில் பார்த்து, இவள் கோப்பின் எண்ணோடு வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை. நினைத்தேன், அப்பவே நினைத்தேன்!

நவம்பர் 6

கணினியில் கை வைத்தது கவிப்பிரியாதான் என்று ஓனர் கந்தப்பன் சாரிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

“நாளைலருந்து வர வேண்டாம்மா” என்றார் ஓனர் அவளிடம். “நான் என்னங்க சார் பண்ணுனேன்?” என்றவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

நெட் ரிப்பேர் பார்க்கும் தௌபிக் வந்தான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தான். “நசீமாக்கா, உங்க சிஸ்டம் இன்னும் 2022லயே இருக்குது. சர்டிபிகேட் இந்த வருசம் குடுத்தது. 2022ல நின்னு பாத்தா அது எப்படிச் செல்லும்?”

தேதியைப் பின்னால் தள்ளியது நான்தான். பேட்டர்ன் வரையும் மென்பொருளின் இலவச ட்ரையல் முடியக் கூடாது என்று ஓனர் சொல்லி, மூன்று வருடமாகக் காலையில் வந்ததும் நான் செய்கிற முதல் வேலை அது. அந்தக் கணினியில் நெட் திறப்பதே அபூர்வம்; தேதி பழகிப்போய்க் கண்ணில்கூடப் படவில்லை.

அந்த எண்? அவள் கொண்டுவந்தது போன வருட வெர்ஷன். அதற்குரிய எண்ணைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. யா அல்லாஹ், என்ன காரியம் செய்துவிட்டேன்.

நவம்பர் 11

ஓனர்: “போனது போச்சு, உடுங்கம்மா. அந்தப் புள்ளையத் திரும்பக் கூப்புட்டா ஏன்னு சொல்லோணுமல்ல? தேதி சங்கதிய வெளிய சொல்லிப்போடாதீங்க.”

மத்தியானம் கவிப்பிரியாவுக்குப் போன் போட்டேன். தேதி, ட்ரையல், எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மன்னிச்சுரு என்றேன். “நீங்க எனக்காகப் பேசுவீங்கன்னு உங்களையேதானுங்க்கா பாத்துட்டு இருந்தேன்” என்றாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 17, திங்கள்

பேட்டர்ன் ரூமில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். யாரைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். “அட, உங்களை இல்லீங்கம்மா. எல்லாருக்கும் பொதுவாத்தான்” என்றார் ஓனர்.

இந்த அறையில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.