அம்மா கேட்ட இங்கிலீஷ் பாட்டு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12-8-1982

அத்தானுக்கு,

தந்தி பம்பாய்க்கு வந்து சேர்ந்திருக்கும். ஓட்டலில் ராக் கச்சேரியை விட்டுவிட்டு உங்களால் வர முடியாது என்று, கேட்டவர்களிடமெல்லாம் நானே சொன்னேன். உங்கள் அம்மாவை நேற்று அடக்கம் செய்தோம்.

நீங்களே எழுதிப் பாடி அனுப்பிய கேசட்டை அவர் தினமும் போடச் சொல்வார். கிடாரோடு மெல்லப் பாடும் இங்கிலீஷ் பாட்டு என்றால் அவருக்கு அது ஞானப்பாட்டுதான்.

"மக்களே, எம் பய என்னவாக்கும் பாடுகான்?"

"ஏசு கூடவே இருக்காருன்னு பாடுகாவ, மாமி."

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவள் நான். வேறு என்ன பொருள் சொல்ல? நீங்கள் பாடியிருந்தது இது: 'விளக்கு எரியும்வரை நான் ஊருக்கெல்லாம் சொந்தம்; அணைந்தபின் எனக்குத் தாயில்லை, வாசலில் காத்திருக்க ஒருத்தியுமில்லை.' மேடையேறிப் பாடுகிற எவனோ ஒருவனின் துக்கம் அது என்று எனக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

பெட்டியை மூடுமுன், அம்மாவுக்குப் பிடித்த ஞானப்பாட்டு என்று உங்கள் தங்கை அதைப் போட்டுவிட்டாள். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். அழுகைச் சத்தத்தில் யாருக்கும் வார்த்தை பிடிபடவில்லை. போதகருக்குப் பிடிபட்டது. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் வீடே "ஆமென்" என்றது.

தாயில்லை என்ற வரி இப்போது மெய்யாகிவிட்டது. அடுத்த வரிக்கும் சேர்த்துத்தான் நான் ஆமென் சொன்னேன்.

இப்படிக்கு,
வாசலில் நின்றவள்