சந்தனம் பூசின தோட்டா

ஐப்பசி, வெள்ளி இரவு.

இண்டைக்குக் கொட்டாஞ்சேனையில எங்கட நகைக்கடைக்குள்ள ஒருத்தன் கத்தியோட வந்து கப்பம் கேட்டான். அண்ணா மேசை லாச்சியில இருந்து ரிவோல்வரை எடுத்தார். அப்பாவின்ர காலத்து முப்பத்தெட்டுக் கலிபர்.

"இந்தத் தோட்டாவை இப்ப ஆரும் கேக்கிறதில்லை, எல்லாருக்கும் நைன் எம்எம்தான் வேணும்" எண்டு துவக்குக் கடைக்காரர் போன மாதமே சொன்னவர். புதுப் பிஸ்டல் வாங்குவம் எண்டு நான் சண்டை பிடிச்சனான்.

"ரிவோல்வர் ஏமாத்தாது, தம்பி" எண்டார் அண்ணா.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்தத் தோட்டாக்களுக்கு நல்லெண்ணெய் பூசிச் சந்தனம் வைக்கிற மனிசன்! எண்ணெய் ஊறினால் வெடிமருந்து பத்துமோ?

விசையை இழுத்தார். வெடிக்கேல்லை. திரும்ப இழுத்தார். கத்திக்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். தட்டில கிடந்த சங்கிலிகளை அள்ளிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினான்.

"போகட்டும், விடுங்கோ அண்ணா!" எண்டு கத்தினன். அவர் விடேல்லை, இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசித் தோட்டா வெடிச்சுது.

கண்ணாடி அலுமாரி முழுக்க ரத்தம். நான் போட்டிருந்த சேட்டிலயும்.

கத்தியோட பாய்ஞ்சு வந்தவன் எண்டு அண்ணா பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு என்னையும் விசாரிப்பினம். பாய்ஞ்சு வந்தவனுக்குப் பிடரியில எப்பிடிச் சூடு பட்டது எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?